ஓர் ஆர் அதிகம்

காதில் கருவி, காலடியில் மிதி.
மிதித்தால் டாக்டர் பேசுவார்,
எடுத்தால் பாதிச் சொல்லில் நிற்பார்.
பதினேழு வருடமாக
என் வலது கால் சொன்னபடி கேட்கும்
ஒரே ஆண்பிள்ளை.

கார்லைல் ஆஸ்பத்திரியின் நிலவறை.
கடிதம் அடிப்பது வேலை, நாளுக்கு நாற்பது.
மழை பக்கவாட்டில் பெய்த ஒரு வியாழக்கிழமை
அவர் சொன்னது:
மகாதமனி டார்ச்சுவஸ்.
அதாவது நெளிந்து போகிறது.
வயதானால் நீண்டு, இடம் போதாமல்,
சின்னப் பெட்டிக்குள் திணித்த கயிறாக
மடங்கிக்கொள்கிறது.
பெரும்பாலும் வலிக்காது. இருப்பதே தெரியாது.

நான் அடித்தது டார்ச்சுரஸ்.
ஆங்கிலத்தில் நடுவே ஓர் ஆர் அதிகம்,
வளைவு வதையாகிவிட்டது.
பிழை பார்க்கும் மென்பொருள் சிவப்புக் கோடு போடவில்லை,
அதற்கு இரண்டும் சொல்தான்.
டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.
உறை ஒட்டியதும் நான்தான்.

செவ்வாய்க்கிழமை தொலைபேசி.
"உள்ளே யாரம்மா சித்திரவதை செய்கிறார்கள்?
எனக்கு ஒன்றும் வலிக்கவில்லையே.
வலிக்க வேண்டுமா?"
வில்ஃப் பிரெய்த்வெய்ட், வயது எண்பத்தொன்று.
மூன்று இரவு தூங்காமல்
வராத வலிக்குக் காத்திருந்திருக்கிறார்.

திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்தேன்.
மேலாளர் பெவர்லி ஹெதரிங்டன் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.
"இதே சாயலில் மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது, தெரியுமா?
டார்ஷியஸ். வழக்குப் போடத் தக்க தீங்கு.
அதில் போய் விழுந்துவிடாதே.
மன்னிப்பு என்ற வார்த்தையே வரக் கூடாது.
தெளிவின்மை ஏற்பட்டிருக்குமாயின் வருந்துகிறோம்,
அது போதும்."
நான் அடித்திருக்க வேண்டிய சொல்லுக்கு
அகராதி தரும் இரண்டாம் பொருள்
எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தது:
சுற்றிவளைத்தது, நேர்வழி வராதது.

மூன்றுக்கும் தாய் ஒருத்தியாம்,
லத்தீனில் முறுக்குதல்.
துணியை முறுக்கினால் தண்ணீர்.
கையை முறுக்கினால் வாக்குமூலம்.
பாதையை முறுக்கித்தான்
மலையேறுகிறார்கள்.

பாதை என்று நினைத்ததும் எழுந்துவிட்டேன்.
சாப்பாட்டு வேளையில்,
கோட் மாட்டும் அலமாரிக்குப் பின்னாலிருந்து பேசினேன்.
"மன்னியுங்கள், தப்பு என்னுடையது.
வதை இல்லை, வளைவு.
ஹார்ட்நாட் கணவாய் மாதிரி."
சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு சிரிப்பு, இருமல், மறுபடி சிரிப்பு.

"அதில் இருபத்தெட்டு வருஷம்
தபால் வண்டி ஓட்டினவன் நான்.
மூன்றடிக்கு ஓரடி ஏற்றம்.
கொண்டையூசி வளைவில்
எதிரே சுற்றுலாக்காரன் வந்தால் அழுவது அவன்தான்.
பனி விழுந்துவிட்டால் முதல் கியர்,
பிரேக்கைத் தொடவே கூடாது, தொட்டால் போச்சு.
ஒருதரம் செம்மறி ஒன்று நடுவளைவில் படுத்துக்கொண்டு
அரைமணி நேரம் என்னையே பார்த்தது.
மேலே ஏழு வீடு. ஒரு வீட்டுக்கு வருவது
மின்சார பில் மட்டும்.
இருந்தாலும் போவேன்."

"அப்போ அந்தப் பாதைதான்
இப்போ நெஞ்சுக்குள்ளே கிடக்கு, இல்லையா?"

"கிட்டத்தட்ட" என்றேன்.

"சரி, ஜனவரியில் அந்த ஆர் இருந்தாலும் தப்பில்லை."

புதிய கடிதம் போனது.
பழையதை அவர் திருப்பி அனுப்பினார்.
அந்த எழுத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்,
பக்கத்தில், சேராத தபாலின் மேல்
எழுதி எழுதிப் பழகிய கையெழுத்தில்:
இப்பெயருடையவர் இங்கே வசிப்பதில்லை.
என் இழுப்பறையில் இருக்கிறது,
ஸ்டேப்ளருக்கு அடியில்.

மே மாதத்தில் அவரைப் பற்றி இன்னொரு ஒலிப்பதிவு.
டாக்டர் பேச்சில் ஒரு வளைவும் இல்லை.
பெயர், தேதி, நேரம்,
ஒரே வாக்கியம், நேராக.

மிதியின் இடது ஓரத்தை அழுத்தினால்
பின்னோக்கிப் போகும்.
அழுத்தினேன்.
மறுபடியும் அழுத்தினேன்.